கோப்பைக் கழுவினால் மட்டும் போதுமா? ஆவணங்களில் மீண்டும் மீண்டும் தொற்றும் கணினி வைரஸ்

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கு நோக்கிச் செல்பவர்கள் ஓமந்தை, புளியங்குளம் ஆகியவற்றைக் கடந்ததும் கனகராயன்குளத்தை வந்தடைகின்றனர். பாடசாலையும் கடைகளும் வயல்களும் குளங்களும் சூழ்ந்த இந்தப் பகுதியில் கணினி இன்று புதுமையான பொருளன்று. தவணைப் பரீட்சை வினாத்தாள், பயனாளிகள் பட்டியல், கமக்காரர் அமைப்பின் கூட்டறிக்கை, சனசமூக நிலையத்தின் வரவு செலவுக் கணக்கு என அனைத்தும் கணினியிலேயே தட்டச்சுச் செய்யப்படுகின்றன. ஆயினும் கணினியோடு கூடவே வந்து சேர்ந்த ஒரு தொல்லை, பல ஆண்டுகள் கடந்தும் கிராமப்புறங்களை விட்டு நீங்கவில்லை. ஆவணக் கோப்புகளில் மீண்டும் மீண்டும் தொற்றிக்கொள்ளும் வைரஸே அது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒருவர் வினாத்தாளொன்றைத் தயாரித்து, அதனைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு சந்தியிலுள்ள அச்சுப் பிரதி எடுக்கும் கடைக்குச் செல்கின்றார். திரும்பி வந்து பாடசாலைக் கணினியில் அதே பென் டிரைவைச் செருகியபோது கோப்புகளைக் காணவில்லை. அல்லது கோப்பு திறக்கின்றது. ஆனால் சேமிக்க முடியவில்லை. கணினி திருத்துபவர் வருகின்றார். வைரஸ் எனக் கூறுகின்றார். வன்தட்டை முழுவதுமாக அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவித் தருகின்றார். பணம் செலவாகின்றது. ஓராண்டு காலமாகச் சேர்த்துவைத்த பாடக் குறிப்புகளும் அழிந்துபோகின்றன. எனினும் இரண்டு வாரங்களில் அதே வைரஸ் மீண்டும் வந்துவிடுகின்றது. இத்தகைய அனுபவம் ஒருமுறையேனும் நேராத பாடசாலையோ அலுவலகமோ மிகக் குறைவு எனலாம்.

இங்கு எழுகின்ற கேள்வி ஒன்றே. அழிக்கப்பட்ட வைரஸ் எவ்வாறு திரும்பி வருகின்றது? இதற்கான விடையை அறிந்துகொண்டால் இத்தொல்லையின் பெரும்பகுதியைத் தவிர்த்துக்கொள்ள முடியும்.

இழப்பின் பெறுமதி

ஓர் ஆவணக் கோப்பு அழிவதென்பது பிற இடங்களில் சிறு சிரமமாகக் கருதப்படலாம். வன்னி மக்களைப் பொறுத்தவரை அதன் பொருள் வேறு. 1997 மே மாதம் ஆரம்பித்த 'ஜெயசிக்குறு' படை நடவடிக்கையின்போதும், பின்னர் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்பெற்ற இறுதி யுத்தத்தின்போதும் இப்பிரதேச மக்கள் இடம்பெயர நேர்ந்தது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பாடசாலைப் பதிவேடு, திருமணப் பதிவு எனத் தமது வாழ்க்கைக்கு ஆதாரமான கடதாசிகளைப் பதுங்குகுழியிலும் பாதையோரத்திலும் இழந்தவர்கள் பலர். மீள்குடியேற்றத்தின் பின்னர் அவற்றின் பிரதிகளைப் பெறுவதற்காக அலுவலகம் அலுவலகமாக அவர்கள் அலைந்ததை யாவரும் அறிவர்.

அவ்வாறு அரும்பாடுபட்டுத் திரட்டப்பட்ட விபரங்களில் கணிசமானவை இன்று கணினிக் கோப்புகளாகவே இருக்கின்றன. ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலோ, கிராமமொன்றின் காணி விபரமோ ஒரேயொரு கணினியில், ஒரேயொரு கோப்பாக இருக்குமாயின் அது அழிவதும் கடதாசி எரிவதும் ஒன்றே. கடதாசியை இழந்த மக்கள் கோப்பையும் இழக்க நேரிடக் கூடாது. ஆகவே, இது கணினி நிபுணர்களுக்கு மட்டும் உரிய விடயமன்று.

எழுத்துக்குள் வைரஸ் எவ்வாறு புகுந்தது?

தனியாள் கணினிகளில் பரவிய ஆரம்பகால வைரஸ்களுள் ஒன்றான 'பிரெய்ன்' 1986 இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. அது நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் தங்கியிருந்து, அவ்வட்டைக் கொண்டு கணினியை இயக்கும்போது பரவியது. அக்காலத்தில் வைரஸ் என்றால் வட்டின் தொடக்கப் பகுதியிலோ இயங்கும் மென்பொருளிலோ மட்டுமே தொற்றும் என்றும், கடிதம், கட்டுரை போன்ற ஆவணங்களில் தொற்றாது என்றும் பொதுவாக நம்பப்பட்டது. வெறும் எழுத்துக்கு இயங்கும் ஆற்றல் இல்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

இந்த நம்பிக்கையை 1995 இல் தோன்றிய 'கொன்செப்ட்' என்னும் வைரஸ் தகர்த்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வேர்ட் மென்பொருளில் 'மக்ரோ' எனப்படும் வசதி உண்டு. அடிக்கடி செய்ய வேண்டிய வேலைகளை ஒரு கட்டளைத் தொகுதியாக எழுதி, அதனை ஆவணத்தோடு சேர்த்துவைப்பதற்கான ஏற்பாடு அது. உதாரணமாக, நூறு மாணவர்களின் பெயர்களை ஒரே மாதிரியான சான்றிதழில் நிரப்புவதற்கு மக்ரோ ஒன்றை எழுதிக்கொள்ளலாம். பயனுள்ள இந்த வசதியே வைரஸ் எழுதுபவர்களுக்கு வாசலாக அமைந்தது. ஆவணம் திறக்கப்பட்டவுடன் தானாக இயங்கும் மக்ரோவையும் எழுத முடியும் என்பதால், எழுத்துக்கு ஆற்றல் வந்துவிட்டது. 'கொன்செப்ட்' எதனையும் அழிக்கவில்லை. ஆவணத்தின் மூலமும் வைரஸ் பரவும் என்பதை மாத்திரம் அது நிரூபித்துக் காட்டியது. மைக்ரோசொப்ட் நிறுவனமே வெளியிட்ட இறுவட்டொன்றிலும் அது தவறுதலாக இடம்பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டில், அதாவது 1996 இல், எக்ஸெல் கணக்குத் தாள்களில் பரவும் 'லாரோ' வைரஸ் தோன்றியது.

அது ஒளிந்திருக்கும் இடம்

வைரஸ் திரும்பத் திரும்ப வருவதற்கான முதற் காரணம் இங்குதான் உள்ளது. வேர்ட் மென்பொருளைத் திறந்தவுடன் வெற்றுத் தாளொன்று தோன்றுகின்றது அல்லவா? அந்தத் தாளின் எழுத்துரு, ஓர அளவு, வரி இடைவெளி ஆகிய அனைத்தும் 'நோர்மல்' என்னும் வார்ப்புருக் கோப்பிலிருந்தே பெறப்படுகின்றன. வேர்ட் ஒவ்வொரு முறை ஆரம்பிக்கும்போதும் இந்த வார்ப்புருவைத் திறக்கின்றது. அதில் மக்ரோ ஏதேனும் இருந்தால் அது அக்கணினியில் திறக்கப்படும் எல்லா ஆவணங்களுக்கும் பொருந்தும்.

மக்ரோ வைரஸ் செய்வது இதுதான். தொற்றுள்ள கோப்பை ஒருமுறை திறந்ததும் தன்னுடைய பிரதியை அந்த வார்ப்புருவில் எழுதிவிடுகின்றது. அதன் பின்னர் அக்கணினியில் திறந்து சேமிக்கப்படும் கோப்புகள் ஒவ்வொன்றாகத் தொற்றுக்கு உள்ளாகின்றன. எக்ஸெலிலும் இதே நிலைதான். அம்மென்பொருள் ஆரம்பிக்கும்போது தானாகத் திறக்கும் கோப்புறை ஒன்று உண்டு. அதற்குள் வைக்கப்பட்ட கணக்குத் தாள் ஒன்றில் 'லாரோ' குடியிருந்தது.

இப்போது நிலைமை தெளிவாகின்றது. நாம் வினாத்தாள் கோப்பைச் சுத்தம் செய்கின்றோம். வார்ப்புருவைத் தொடுவதில்லை. மறுநாள் அதே வினாத்தாளைத் திறக்கும்போது வார்ப்புருவிலுள்ள வைரஸ் மீண்டும் அதற்குள் ஏறிக்கொள்கின்றது. மாறாக, வார்ப்புருவை மாற்றிவிட்டுப் பழைய கோப்புகளை அப்படியே விட்டால், அவற்றுள் ஒன்றைத் திறந்ததும் வார்ப்புரு மீண்டும் பழுதாகின்றது. கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கு நீரைக் கொண்டு சேர்க்கின்றது. மேலே ஆறு கலங்கிக்கொண்டிருக்கும்போது கீழே குளத்து நீரைத் தெளியவைக்க முயல்வதால் பயன் இல்லை. ஆற்றையும் குளத்தையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

அழிவு மட்டுமன்று, அந்தரங்கமும்

மக்ரோ வைரஸ்களின் வரலாற்றில் 1999 மார்ச் 26 அன்று பரவிய 'மெலிசா' குறிப்பிடத்தக்கது. தொற்றுள்ள ஆவணத்தைத் திறந்தவரின் மின்னஞ்சல் முகவரிப் புத்தகத்திலுள்ள முதல் 50 பேருக்கு அது தானாகவே கடிதம் அனுப்பியது. அறிமுகமானவரிடமிருந்து வந்த கடிதம் என நம்பி அவர்களும் திறந்தனர். பெரிய நிறுவனங்கள் பல தமது மின்னஞ்சல் சேவையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அதனை எழுதிய டேவிட் ஸ்மித் என்னும் அமெரிக்கருக்கு 2002 இல் 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் பலரும் கவனிக்கத் தவறிய அம்சம் ஒன்றுண்டு. 'மெலிசா' வார்ப்புருவில் தொற்றிய பின்னர், ஒருவர் தமது கணினியில் வைத்திருந்த வேறு ஆவணங்களும் தொற்றோடு பிறருக்கு அனுப்பப்படக்கூடிய நிலை இருந்தது. அதாவது, எவருக்கும் காட்டக் கூடாத கடிதம் ஐம்பது பேரின் கைகளுக்குப் போய்ச்சேரலாம். குடும்பங்களின் துயரங்களையும் முறைப்பாடுகளையும் பதிவுசெய்து வைத்திருக்கும் அமைப்புகள் நிறைந்த எமது பிரதேசத்தில் இந்த ஆபத்தின் கனத்தை விளக்கத் தேவையில்லை.

'எங்களிடம் இணையம் இல்லையே!'

கிராமப்புறங்களில் அடிக்கடி கேட்கின்ற வாதம் ஒன்றுண்டு. இந்தக் கணினிக்கு இணைய இணைப்பே இல்லை, ஆகவே வைரஸ் வர வாய்ப்பில்லை என்பதே அது. உண்மை இதற்கு நேர்மாறானது. இணையத்தில் இணைக்கப்படாத கணினிகளிலேயே பழைய வைரஸ்கள் நீண்ட காலம் உயிர்வாழ்கின்றன. ஏனெனில், அவற்றின் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் புதுப்பிக்கப்படுவதில்லை. விண்டோஸின் ஓட்டைகளும் அடைக்கப்படுவதில்லை. வைரஸோ பென் டிரைவின் மூலம் தடையின்றி வந்து சேர்கின்றது. 2010 இல் கண்டறியப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்', ஈரானின் நட்டான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்தது. அந்நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகள் இணையத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. பென் டிரைவின் வழியாகப் பரவும் ஆற்றல் அந்த வைரஸுக்கு இருந்தது. பலத்த காவலுள்ள நிலையத்துக்கே இந்நிலை என்றால், பூட்டற்ற கணினி அறையைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

நெகிழ்வட்டின் காலத்தில் அதன் மூலையில் சிறு தாழ் ஒன்று இருந்தது. அதனை நகர்த்திவிட்டால் வட்டில் எவரும் எதனையும் எழுத முடியாது. இன்று விற்கப்படும் பென் டிரைவ்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய தாழ் இல்லை. செருகிய கணினி எதுவாயினும் அதில் எழுதலாம். அதுமட்டுமன்றி, செருகியவுடன் அதிலுள்ள மென்பொருளைத் தானாக இயக்கும் வழியும் விண்டோஸின் பழைய பதிப்புகளில் இருந்தது. 2008 நவம்பரில் தோன்றிய 'கொன்பிக்கர்' உட்படப் பல வைரஸ்கள் இவ்வழியைப் பயன்படுத்திக்கொண்டன. 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 பதிப்பில் இவ்வழி பென் டிரைவ்களுக்கு மூடப்பட்டது. பழைய பதிப்புகளுக்கு 2011 பெப்ரவரியில் வழங்கப்பட்ட புதுப்பிப்பின் மூலம் மூடப்பட்டது. புதுப்பிப்பைப் பெறாத கணினிகளில் அது திறந்தே கிடந்தது.

அந்த வாசல் மூடப்பட்டதும் வைரஸ் எழுதுபவர்கள் வேறு தந்திரத்தைக் கையாண்டனர். பென் டிரைவிலுள்ள உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் 'குறுக்குவழி' எனப்படும் போலி அடையாளங்களை வைத்தனர். பாவனையாளர் தமது கோப்புறை என எண்ணி அதன்மீது அழுத்தும்போது வைரஸ் இயங்குகின்றது; கூடவே உண்மையான கோப்புறையும் திறந்துகொள்வதால் சந்தேகம் எழுவதில்லை. கோப்புகளைக் காணவில்லை எனக் கூறப்படும் சம்பவங்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவையே. அவ்வாறான சந்தர்ப்பத்தில் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டே உள்ளன. மறைந்த கோப்புகளைக் காட்டுமாறும், இயங்குதளத்தின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை மறைக்காதிருக்குமாறும் விண்டோஸின் அமைப்பில் மாற்றம் செய்தால் அவை தென்படும். இதனை அறியாமல் பென் டிரைவை அழித்துவிடுபவர்கள், வைரஸ் செய்யாத அழிவைத் தாமே செய்துகொள்கின்றனர்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் வருகின்ற நீட்சியை விண்டோஸ் வழமையாக மறைத்துவைப்பதும் இவர்களுக்கு வாய்ப்பாகின்றது. 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' என்னும் வைரஸ், சாதாரண எழுத்துக் கோப்பைப் போன்ற தோற்றத்திலேயே வந்தது. உண்மையான நீட்சி மறைந்திருந்ததால் இலட்சக்கணக்கானோர் ஏமாந்தனர். ஆகவே, நீட்சியைக் காட்டும்படி கணினியை அமைத்துக்கொள்வது செலவில்லாத ஒரு பாதுகாப்பாகும்.

வன்தட்டை அழிப்பது மருந்தா?

வைரஸ் என்றதும் 'போர்மட்' செய்யவேண்டும் எனக் கூறுவது எமது பகுதிகளில் வழமையாகிவிட்டது. சில சந்தர்ப்பங்களில் அது அவசியமாகலாம். ஆனால், ஆவண வைரஸைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பயன் தருவதில்லை. வன்தட்டை அழிப்பதற்கு முன்னர் கோப்புகள் பென் டிரைவிலோ வேறு கணினியிலோ பிரதி செய்யப்படுகின்றன. அக்கோப்புகளுக்குள் வைரஸும் செல்கின்றது. விண்டோஸைப் புதிதாக நிறுவியபின் அதே கோப்புகள் திரும்பவும் கொண்டுவரப்படுகின்றன. முதற் கோப்பைத் திறந்ததும் பழைய கதை மீண்டும் ஆரம்பிக்கின்றது. வீட்டைக் கழுவிவிட்டுச் சேற்றுக் காலோடு உள்ளே வருவதற்கு ஒப்பானது இது.

முறையான சுத்திகரிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு.

முதலாவதாக, பென் டிரைவ்களைக் கணினிகளுக்கிடையில் மாற்றுவதை உடனடியாக நிறுத்த வேண்டும். இரண்டாவதாக, முக்கியமான கோப்புகளைத் தனியானதொரு பென் டிரைவில் பிரதி செய்து, 'சந்தேகத்துக்குரியது' என அதன்மீது எழுதி எடுத்துவைக்க வேண்டும். சுத்திகரிப்பின்போது தவறு நேர்ந்தால் இதுவே கைகொடுக்கும்.

மூன்றாவதாக, வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைப் புதுப்பித்துக் கணினி முழுவதையும் பரிசோதிக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகிய பதிப்புகளோடு 'டிபென்டர்' இலவசமாகவே வருகின்றது. கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக இயங்குவதற்கு முன்னரே பரிசோதிக்கும் வசதியும் அதில் உள்ளது. பரிசோதனையின்போது தொற்றுள்ள ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் 'அழி' என்பதை அவசரப்பட்டுத் தெரிவுசெய்யக் கூடாது. 'சுத்தம் செய்' அல்லது 'தனிமைப்படுத்து' என்பதையே தெரிவுசெய்ய வேண்டும். இரண்டு எதிர்ப்பு மென்பொருள்களை ஒரே நேரத்தில் இயங்கவிடுவது பாதுகாப்பை இரட்டிப்பாக்காது. கணினியின் வேகத்தையே குறைக்கும்.

நான்காவதாக, வேர்ட் மென்பொருளை மூடிவிட்டு, 'நோர்மல்' வார்ப்புருக் கோப்பின் பெயரை மாற்றிவிட வேண்டும். அடுத்த முறை வேர்ட் திறக்கும்போது தானே புதியதொரு வார்ப்புருவை உருவாக்கிக்கொள்ளும். எக்ஸெலின் தொடக்கக் கோப்புறையையும் திறந்து, நாம் வைக்காத கோப்பு ஏதேனும் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மக்ரோ பாதுகாப்பு அளவை வைரஸ் குறைத்துவிட்டிருக்கக் கூடும் என்பதால் அதனையும் மீண்டும் உயர்த்த வேண்டும்.

ஐந்தாவதாக, பழைய 'டொக்' வகைக் கோப்புகளை மக்ரோவை இயக்காமல் திறந்து, 'டொக்ஸ்' என முடியும் புதிய வகையில் சேமிக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டுப் பதிப்போடு அறிமுகமான இவ்வகைக் கோப்பு மக்ரோவைத் தன்னுள் சேமிப்பதில்லை. ஆகவே, சேமிக்கும்போதே மக்ரோ வைரஸ் கழன்றுவிடும். இதனால் எல்லா ஆபத்துகளும் நீங்கிவிடும் என்பதில்லை. ஆனால், நாம் இங்கு பேசும் தொல்லையின் வேர் அறுகின்றது.

இறுதியாக, இவை அனைத்தும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் எல்லாக் கணினிகளிலும் ஒரே நாளில் செய்யப்பட வேண்டும். இதுவே பெரும்பாலும் கைவிடப்படும் படி. ஒரு கணினி தவறினாலும் முழு முயற்சியும் வீணாகிவிடும்.

எல்லாம் வைரஸ் அல்ல

வேறொரு குழப்பத்தையும் இங்கு குறிப்பிடுதல் பொருத்தமானது. வடக்கில் பல ஆண்டுகளாகத் தமிழ் ஆவணங்கள் 'பாமினி' எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்யப்பட்டு வந்துள்ளன. இந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் தோன்றும். இதனை வைரஸின் வேலை எனக் கருதிக் கோப்பை அழித்துவிடுபவர்களும் உண்டு. எழுத்துருவை நிறுவினாலோ, ஒருங்குறிக்கு மாற்றினாலோ தமிழ் மீண்டும் தெரியும். அழிப்பதற்கு முன்னர் ஒருமுறை எழுத்துருவை மாற்றிப் பார்க்கும் பொறுமை அவசியமானது.

அச்சிடுவதற்காகக் கடைக்குக் கொண்டுசெல்லும் கோப்பை 'பிடிஎப்' வகைக்கு மாற்றி எடுத்துச் செல்வது இரு வகையில் நன்மை தரும். எழுத்துருவும் கோப்போடு சேர்ந்து செல்வதால் தமிழ் சிதைவதில்லை. மூல ஆவணம் வீட்டிலேயே இருப்பதால் அதில் தொற்று ஏறுவதுமில்லை. கடைக்கென ஒரு பென் டிரைவைத் தனியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எந்தக் கோப்பையும் திரும்ப எடுக்காமல், ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டுப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

இன்றும் ஓயாத தொல்லை

இவை பழைய காலத்துக் கதைகள் அல்லவா எனச் சிலர் கேட்கலாம். மக்ரோ வைரஸ்கள் 2000 களின் நடுப்பகுதியில் ஓரளவு ஓய்ந்தன என்பது உண்மையே. ஆனால், 2014 இல் தோன்றிய 'எமொட்டெட்' பின்னாளில் வேர்ட் ஆவணங்களையே தனது முக்கிய வாகனமாக்கிக்கொண்டது. பல நாடுகளின் பொலிஸார் இணைந்து 2021 ஜனவரியில் அதன் கட்டமைப்பைக் கைப்பற்றினர். எனினும் அதே ஆண்டு நவம்பரில் அது மீண்டும் தலைதூக்கியது. கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கோரும் வைரஸ்களுக்கும் இத்தகைய ஆவணங்கள் வழி திறந்துவிட்டுள்ளன.

இதனைத் தொடர்ந்து, இணையத்திலிருந்து பெறப்படும் ஆவணங்களின் மக்ரோக்களை இயல்பாகவே தடைசெய்யும் முறையை மைக்ரோசொப்ட் 2022 இல் நடைமுறைப்படுத்தியது. கோப்பு இணையத்திலிருந்து வந்தது என்பதற்கான மறைமுக அடையாளம் ஒன்றை விண்டோஸ் இடுகின்றது. அந்த அடையாளத்தைக் கண்டே மக்ரோ தடுக்கப்படுகின்றது. ஆனால், பென் டிரைவ்களில் பொதுவாகப் பயன்படும் சேமிப்பு முறையில் இந்த அடையாளம் தங்குவதில்லை. நகரத்தில் மின்னஞ்சலில் வந்த கோப்பு, பென் டிரைவில் ஏறிக் கிராமத்துக்கு வரும்போது அடையாளத்தை இழந்துவிடுகின்றது. அதாவது, உலகின் பெரும்பகுதிக்குக் கிடைத்த பாதுகாப்பு, பென் டிரைவை நம்பியிருக்கும் எமது கிராமங்களுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை.

பழைய இயங்குதளங்களின் பாவனையும் கவலைக்குரியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கும் ஒபிஸ் 2003 இற்கும் வழங்கப்பட்ட ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும் முடிவடைந்தன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறைவுற்றது. நன்கொடையாகக் கிடைத்த பழைய கணினிகளை வைத்திருக்கும் பாடசாலைகள் இத்திகதிகளைக் கவனத்திற் கொள்ள வேண்டும். புதிய கணினி வாங்க வசதியில்லாத இடங்களில் லினக்ஸ் இயங்குதளத்தையும் லிப்ரே ஒபிஸ் மென்பொருளையும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்.

ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை

வடக்கில் பார்த்தீனியக் களையைப் பிடுங்கியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஒரு காணிக்காரர் மாத்திரம் பிடுங்கினால் பயன் இல்லை. பக்கத்துக் காணியில் பூத்துச் சிந்துகின்ற விதை அடுத்த மழைக்கு இங்கும் முளைக்கும். பூப்பதற்கு முன்னர், அனைவரும், ஒரே காலத்தில் பிடுங்க வேண்டும். ஆவண வைரஸும் அதே இயல்புடையது. பாடசாலை, அலுவலகம், அச்சுக் கடை, ஆசிரியரின் வீடு ஆகிய நான்கும் ஒரே பென் டிரைவால் இணைக்கப்பட்ட ஒரே வயலாகும்.

ஆகவே, தவணை விடுமுறையின்போது ஒரு நாளை இதற்கென ஒதுக்குவது கடினமன்று. தகவல் தொழினுட்பம் கற்கும் உயர்தர மாணவர்களுக்கு இது சிறந்த செயன்முறைப் பயிற்சியாகவும் அமையும். நல்ல இணைப்புள்ள கணினியொன்றில் புதுப்பிப்புகளைத் தரவிறக்கி, இணைப்பில்லாத கணினிகளுக்கு அவர்கள் எடுத்துச் செல்லலாம். அச்சுக் கடை உரிமையாளர்களும் தமது கணினியைச் சுத்தமாக வைத்திருப்பதை வாடிக்கையாளருக்குச் செய்யும் கடமையாகக் கொள்ள வேண்டும். ஒரு கடையின் கணினியில் நாளொன்றுக்குப் பல பென் டிரைவ்கள் செருகப்படுகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது.

அரசுக்கும் இதிற் பங்குண்டு. இலங்கையில் கணினிக் குற்றங்கள் சட்டம் 2007 இல் நிறைவேற்றப்பட்டது. கணினி அவசர நிலைகளைக் கையாள்வதற்கான தேசிய நிலையம் 2006 முதல் இயங்கிவருகின்றது. 'ஐ லவ் யூ' வைரஸை எழுதியவரைத் தண்டிக்க 2000 இல் பிலிப்பைன்ஸில் உரிய சட்டம் இருக்கவில்லை. அந்நிலை எமக்கு இல்லை. ஆயினும், எங்கோ ஒரு நாட்டில் எவரோ எழுதிய வைரஸ் கிராமத்துப் பாடசாலையின் கோப்பை அழிக்கும்போது சட்டம் அதனை மீட்டுத் தரப்போவதில்லை. வலயக் கல்வி அலுவலகங்களும் பிரதேச செயலகங்களும் தமது ஊழியர்களுக்குத் தமிழில் எளிய பயிற்சியை வழங்குவதும், உரிமம் பெற்ற மென்பொருளைப் பெற்றுக்கொடுப்பதுமே பயன் தரும்.

இவை அனைத்திற்கும் மேலாக, பிரதி எடுத்துவைக்கும் பழக்கம் இன்றியமையாதது. முக்கியமான கோப்பு எதுவாயினும் மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். ஒன்று கணினியில், இன்னொன்று கணினியோடு எப்போதும் இணைத்து வைக்கப்படாத வட்டிலோ பென் டிரைவிலோ, மூன்றாவது வேறு இடத்தில், உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ. மாதம் ஒருமுறை அப்பிரதியைத் திறந்து வாசிக்க முடிகின்றதா எனப் பார்ப்பதும் அவசியம். திறக்க முடியாத பிரதி இருந்தும் இல்லாததே.

இடம்பெயர்ந்த நாட்களில் எமது தாய்மார் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி, மடியிற் கட்டிக்கொண்டு நடந்தனர். அந்தக் கடதாசியின் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அதே விபரங்கள் கணினிக்குள் இருக்கின்றன. அன்று மடியில் வைத்துக் காத்ததை இன்று பென் டிரைவில் வைத்து அலட்சியமாக விடுவது எவ்வகையிலும் பொருந்தாது. கோப்பைக் கழுவுவதோடு நின்றுவிடாமல், வார்ப்புருவையும் பென் டிரைவையும் பக்கத்துக் கணினியையும் சேர்த்துக் கழுவுவோமாயின், இத்தொல்லை மீண்டும் மீண்டும் வாசலைத் தட்டுவதைத் தடுத்துக்கொள்ள முடியும்.